பொய்க்கூரையில் ஒரு வானம்: ஆல்ப்ஸ் அடிவாரத்து வீஸ் கோவில்

தெற்கு ஜெர்மனியில், பவேரியாவின் சமவெளி முடிந்து ஆல்ப்ஸ் மலை எழும்பத் தொடங்குகிற இடத்தில் ஸ்டைன்காடன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் போனால் மேய்ச்சல் நிலம், அதை ஒட்டிக் காடு, பின்னால் மலைத்தொடர், நடுவில் தன்னந்தனியாக ஒரு கிறிஸ்தவக் கோவில். அதுதான் வீஸ் கோவில். வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாகச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. வெளிறிய சுவர், பனி வழுக்கி விழுவதற்காகச் சரிவாக இறக்கிய கூரை, ஒரே ஒரு கோபுரம், கொஞ்சம் முன்னால் புடைத்துக்கொண்டு நிற்கும் முகப்பு, அவ்வளவுதான். நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போகும் சுற்றுலாப் பேருந்துகள் வழியில் இங்கேயும் நிறுத்தும், ஆட்கள் இறங்குவார்கள், உள்ளே போனதும் எல்லோரும் கழுத்தை அண்ணாந்து கைபேசியைத் தூக்குவார்கள், "எவ்வளவு வேலைப்பாடு!" என்று வியந்துவிட்டுத் திரும்பிப் பேருந்தில் ஏறிவிடுவார்கள்.

வேலைப்பாடு நிறைய இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பரோக், ரோகோகோ என்ற, அலங்காரம் மிகுந்த ஐரோப்பியக் கலைப் பாணிகளில் கட்டிய கோவில்களைப் பற்றிப் பேசும்போது இந்த 'நிறைய' என்ற சொல்லோடு பேச்சு நின்றுபோவது எனக்கு எப்போதும் குறையாகவே படும். ஏதோ காசு இருந்தது, கொட்டினார்கள், தங்கம் பூசினார்கள் என்பது போல. வீஸ் கோவிலில் அப்படி எதுவும் தாறுமாறாகக் கொட்டப்படவில்லை. அங்கே நடப்பது மிகவும் கணக்கான ஒரு ஏமாற்று வேலை: கட்டடம் எங்கே முடிகிறது, ஓவியம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்வது. தூண், சன்னல், மரம், சுண்ணாம்பு, சாயம் என்று அத்தனையும் அந்த ஒரு வேலைக்காகத்தான் கூட்டு சேர்ந்திருக்கின்றன. எப்படி என்று பார்க்கலாம்.

முதலில், இப்படி ஒரு கோவில் ஏன் இந்தப் புல்வெளியில்? ஸ்டைன்காடனில் பிரமான்ஸ்திராத்தென்சியன் சபைத் துறவிகளின் மடம் ஒன்று 1147 முதல் இருந்தது. 1730-இல் அந்த மடத்தில் பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலத்துக்கு ஒரு சுரூபம், அதாவது சிலை, தேவைப்பட்டது. கற்றூணில் கட்டுண்டு கசையடி படும் இயேசு. புதிதாகச் செதுக்க ஆளைத் தேடவில்லை. மடத்திலேயே கிடந்த பழைய மரச் சுரூபங்களின் துண்டுகளைச் சேர்த்து, மூட்டு தெரியாமல் துணி ஒட்டி, மேலே வண்ணம் பூசி, தலைக்கு நிஜ முடி வைத்து ஒப்பேற்றினார்கள். உடம்பெல்லாம் இரத்தம், கையில் சங்கிலி. சில வருடம் ஊர்வலத்தில் போனது. அப்புறம் பார்க்கவே சகிக்கவில்லை, மக்கள் ரொம்பக் கலங்கிப் போகிறார்கள் என்று அதை ஓரங்கட்டிவிட்டார்கள். ஊரில் ஒரு விடுதிக்காரர் வீட்டுப் பரணில் போய்ச் சேர்ந்தது சுரூபம்.

1738-இல் வீஸ் பண்ணையைச் சேர்ந்த மரியா லோரி என்ற விவசாயப் பெண் அதைக் கேட்டு வாங்கித் தன் வீட்டில் வைத்துச் செபம் செய்துவந்தார். அந்த வருடம் ஜூன் 14 அன்று சுரூபத்தின் கண்களில் நீரைக் கண்டதாகச் சொன்னார். மடம் முதலில் இதை ஊக்குவிக்கவில்லை, அடக்கி வாசிக்கவே பார்த்தது. ஆனால் செய்தி பரவிவிட்டது, யாத்ரிகர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். 1740 வாக்கில் ஒரு சிறு சிற்றாலயம் எழுந்தது. அதுவும் போதாமல் போனபோது மடத் தலைவர் ஹியாசிந்த் காஸ்னர் பெரிய கோவில் கட்ட முடிவெடுத்தார். வேலை தொடங்கிய 1745-லேயே அவர் காலமாகிவிட, அடுத்து வந்த மரியானுஸ் மாயர்தான் அதை முடித்தார். பீடப் பகுதி 1749-இல் தயாராகிச் சுரூபம் அங்கே குடியேறியது. முழுக் கோவிலும் 1754-இல் அபிஷேகமானது.

இந்தக் கதையை நான் விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இத்தனை வெளிச்சத்துக்கும் மினுக்குக்கும் நடுவில் இருப்பது, மடமே பார்க்கச் சங்கடப்பட்டு ஒதுக்கிய, பழைய துண்டுகளை ஒட்டிச் செய்த ஒரு பொம்மை. செல்வம் கொழித்த மடம் தன் பெருமைக்காகக் கட்டியதாக நினைத்துப் பார்த்தால் இந்தக் கோவில் பாதிதான் புரியும். கட்டடக் கலைஞர் முன்னால் இருந்த கேள்வியே வேறு: அடிபட்டுக் கிழிந்த ஒரு உடம்பைப் பார்க்க வருகிற விவசாயிக்கு, அந்த அடி எதில் போய் முடிகிறது என்பதை எப்படிக் காட்டுவது?

கட்டியவர் டொமினிக்குஸ் சிம்மர்மன். 1685-இல் வெஸ்ஸோப்ருன் என்ற ஊர்ப் பக்கம் பிறந்தவர். அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே ஒரு மடம் இருந்தது, அதைச் சுற்றியிருந்த கிராமங்களில் வீட்டுக்கு வீடு சுதை வேலைக்காரர்கள், அதாவது சுண்ணாம்புக் கலவையில் அலங்காரம் செய்பவர்கள். வசந்தம் வந்தால் குழு குழுவாகக் கிளம்பி ஐரோப்பாவின் பல மூலைகளுக்கும் போய் அரண்மனை, மடம், கோவில் என்று கூரைக்குச் சுதை வேலை செய்துவிட்டுக் குளிருக்குத் திரும்பி வருவார்கள். டொமினிக்குஸும் அப்படிப்பட்ட சுதைக்காரர்தான், அதிலும் பளிங்கைப் போலச் செயற்கைக் கல் செய்து பீடம் அமைப்பதில் கெட்டிக்காரர். கட்டடம் எழுப்பும் வேலைக்கு அவர் வந்தது அதற்குப் பிறகு. லான்ட்ஸ்பெர்க் நகரத்தில் குடியேறினார், வீஸ் கோவில் எழும்பிக்கொண்டிருந்தபோது 1749 முதல் 1754 வரை அந்த நகரத்துக்கு மேயராகவும் இருந்தார்.

அவருடைய அண்ணன் யோஹான் பாப்டிஸ்ட், 1680-இல் பிறந்தவர், ஓவியர், சுதைக்காரரும்கூட. அவர் போன பாதை வேறு. மியூனிக்கில் பவேரிய அரசவைக்கு வேலை செய்தார். அங்கே அப்போது பிரான்சில் பயிற்சி பெற்ற குவிலியே என்ற கட்டடக் கலைஞர் இருந்தார், ஃபிரெஞ்சு ரோகோகோவை பவேரியாவுக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நிம்ஃபென்புர்க் அரண்மனைத் தோட்டத்தில் அவர் கட்டிய அமாலியன்புர்க் என்ற வேட்டை மாளிகையில் (1734–39) சுதை வேலை யோஹான் பாப்டிஸ்டுடையது. ஆக, பாரிஸ் பிரபுக்களின் வரவேற்பறைக்கென்று பிறந்த சிப்பி வளைவு, கொடி, நுரை மாதிரியான அலங்காரமெல்லாம் இந்த அண்ணன் கை வழியாக மாட்டுத் தொழுவங்களுக்கு நடுவில் இருந்த ஒரு யாத்திரைக் கோவிலுக்கு வந்து சேர்ந்தது. அரண்மனையில் அந்த அலங்காரத்துக்குப் பெரிய பொருள் எதுவும் இருக்கவில்லை, கண்ணுக்கு இதம், அவ்வளவே. வீஸில்தான் அதற்கு ஒரு வேலை கிடைத்தது என்பேன்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். தரைத் திட்டம் நீள்வட்டம். இன்னும் சரியாகச் சொன்னால் இரண்டு அரைவட்டங்களுக்கு நடுவில் ஒரு குறுகிய செவ்வகம். அதன் கிழக்கு முனையிலிருந்து நீளமாக, ஆழமாக ஒரு பீடப் பகுதி கிளம்புகிறது. நீள்வட்டத்தின் சுவரை ஒட்டித் தூண்களை வைக்கவில்லை, சுவரிலிருந்து உள்ளே தள்ளி இரட்டை இரட்டையாக நிறுத்தியிருக்கிறார்கள். இதனால் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, தூணுக்கும் சுவருக்கும் இடையில் கோவிலைச் சுற்றி வர ஒரு நடைபாதை கிடைக்கிறது. கூட்டமாக வரும் யாத்ரிகர்கள் நடுக்கூடத்தில் திருப்பலி நடக்கும்போதே ஓரமாக நகர்ந்து போகலாம். பீடப் பகுதியிலும் இதே மாதிரி சுற்றுப் பாதை உண்டு, கீழே ஒன்று, மாடத்தில் ஒன்று. யாத்திரைத் தலம் என்றால் கூட்டம் ஓரிடத்தில் தேங்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சாதாரணத் தேவையிலிருந்துதான் திட்டமே பிறக்கிறது.

இன்னொன்று வெளிச்சம். சன்னல்கள் வெளிச்சுவரில் இருக்கின்றன, பெரிய பெரிய சன்னல்கள், கூட்டம் கூட்டமாக, மேலே வட்டமும் வளைவுமாக விநோத வடிவங்களில். வண்ணக் கண்ணாடி கிடையாது, எல்லாம் வெறும் கண்ணாடி. நடுக்கூடத்தில் நிற்பவருக்குப் பல சன்னல்கள் இரட்டைத் தூண்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். வெளிச்சம் வருவது தெரியும், எங்கிருந்து வருகிறது என்று சட்டென்று தெரியாது. அது முதலில் ஓரப் பாதையின் வெள்ளைச் சுவரில் பட்டு, தூணில் பட்டு, மென்மையாகிக் கூடத்துக்குள் வருகிறது. வெளியே மேய்ச்சல் நிலத்தில் பனி கிடக்கும் நாளில் கீழிருந்தும் ஒளி எழும்பிக் கூரையில் போய்ப் படும். ஓவியத்துக்கென்று விளக்கு எதுவும் தேவைப்படாத அமைப்பு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், பலர் தவறவிடுவது இது. கீழ்ப்பகுதியில் ஏறக்குறைய அலங்காரமே இல்லை. கண் மட்டத்தில் இருப்பது வெள்ளைச் சுவரும் வெள்ளைத் தூணும்தான். தூணுக்கு முன்னால் நிற்கும் நான்கு திருச்சபைத் தந்தையரின் (பழங்காலக் கிறிஸ்தவ ஞானிகளின்) சுரூபங்கள்கூட, ஃபுஸ்ஸன் நகரச் சிற்பி அன்டோன் ஸ்டுர்ம் செய்தவை, பெரும்பாலும் வெள்ளையே. அகுஸ்தினார், அம்புரோசியார், எரோணிமுஸ், கிரகோரியார் நான்கு பேரும் அங்கி பறக்க, கை வீசி, யாரோடோ வாதாடிக்கொண்டிருப்பது போல நிற்கிறார்கள். ஆனால் நிறத்தில் சுவரோடு சுவராக அடங்கியிருக்கிறார்கள். மேலே போகப் போகத்தான் பொன் வருகிறது, வளைவு வருகிறது, நிறம் வருகிறது. தூணின் தலைப்பில் மெல்லத் தொடங்கி, உத்தரத்தில் கூடி, கூரையின் விளிம்பில் கொந்தளித்து, அதற்கு மேல் வானமாகத் திறந்துவிடுகிறது. கண்ணைக் கையைப் பிடித்து மேலே அழைத்துப் போகிற ஏற்பாடு. 'எங்கே பார்த்தாலும் அலங்காரம்' என்று வீஸைப் பற்றி எழுதுகிறவர்கள் கீழே பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

இப்போது கூரை. அந்தக் கூரை கல் கிடையாது, செங்கல்லும் கிடையாது. மரம். மேலே கூரைச் சட்டத்தில் மரத் தாங்கிகளை வளைவாக அமைத்து, அவற்றின் அடியில் சட்டங்களை அடித்து, அதன் மேல் சாந்து பூசியிருக்கிறார்கள். இன்றைக்கு ஃபால்ஸ் சீலிங் என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். பார்ப்பவருக்கு ஆழமான குவிமாடம் போலத் தோன்றுகிறது, உண்மையில் அது மிகவும் தட்டையான வளைவு.

ஏன் மரம் என்பதில்தான் பொறியியல் இருக்கிறது. செங்கல்லில் இவ்வளவு அகலமான வளைவைக் கட்டினால் அது தன் எடையால் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும். வளைவு எவ்வளவு தட்டையோ அவ்வளவு வேகமாகத் தள்ளும். அதைத் தாங்கச் சுவர் தடிமனாக இருக்க வேண்டும், முட்டுச்சுவர் வேண்டும், சன்னல் சிறியதாக வேண்டும், தூண் பருத்தாக வேண்டும். அப்புறம் வெளிச்சம் எங்கிருந்து வரும்? மரக் கூரையில் எடை குறைவு, பக்கத் தள்ளலும் மிகக் குறைவு. அதனால்தான் அந்தத் தூண்கள் அவ்வளவு ஒல்லியாக இருக்க முடிகிறது, சன்னல்கள் அவ்வளவு பெரிதாக இருக்க முடிகிறது. இன்னும் ஒன்று: எடையைத் தாங்கும் வளைவில் நினைத்த இடத்தில் ஓட்டை போட முடியாது. இங்கே போடலாம். பீடப் பகுதியில் மாடத்துக்கு மேலே பாருங்கள், வளைவு இருக்க வேண்டிய இடத்தில் ஒழுங்கற்ற துளைகள், சிப்பி வடிவில், கிழிந்த காகிதம் போன்ற விளிம்போடு. கட்டடத்தின் உறுப்பே அலங்காரமாக மாறிவிட்டது, அலங்காரம் வெட்டியெடுத்த துளை வழியாக வெளிச்சம் வருகிறது. செங்கல்லில் இதைச் செய்தால் மறுநாள் தலையில் விழும்.

மரத்துக்கு விலையும் உண்டு. காற்றுக்கும் பனிப் பாரத்துக்கும் ஈரத்துக்கும் மரம் அசையும், மேலே இருக்கும் சாந்து அசையாது, அதனால் விரிசல் வரும். இந்த வகைக் கோவில்களைப் பராமரிப்பவர்களுக்கு இது தீராத தலைவலி.

சுதைக்கு வருவோம். ஜிப்சம், சுண்ணாம்பு, மணல், இவற்றை நீரில் குழைத்துச் செய்யும் கலவை அது. வேகமாக இறுகிவிடும், அதற்குள் கையாலும் சிறு கரண்டியாலும் உருவத்தைப் பிடித்துவிட வேண்டும். கூரையின் விளிம்பில் இந்தச் சுதைதான் ஏமாற்று வேலையின் மையப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. பழைய முறையில் ஓவியத்தைச் சுற்றிச் சட்டம் இருக்கும்: இதுவரை கட்டடம், இதற்கு மேல் படம் என்று ஒரு கோடு. வீஸில் அந்தக் கோடு கலைந்துபோயிருக்கிறது. சட்டம் சில இடத்தில் ஓவியத்துக்குள் நாக்கு நீட்டுகிறது, சில இடத்தில் ஓவியம் சட்டத்தின் மேல் வழிகிறது. ஒரு கொடி பாதி சுதையாகவும் மீதி சாயமாகவும் இருந்தால் கீழே நிற்பவருக்குத் தெரியப்போவதில்லை. ரோகோகோவின் அந்தச் சிப்பி வளைவுக்கு நேர்க்கோடே கிடையாது, மேல் கீழ் கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. எல்லையை அழிப்பதற்கு இதைவிடத் தோதான கருவி அந்தக் காலத்தில் யார் கையிலும் இல்லை. அரண்மனை அலங்காரத்துக்கு வீஸில் வேலை கிடைத்தது என்று முன்பு சொன்னது இதைத்தான்.

ஓவியத்தில் என்ன இருக்கிறது? பொதுத்தீர்வை, அதாவது உலக முடிவில் எல்லோருக்கும் கிறிஸ்து வழங்கும் நீதித் தீர்ப்பு. ஆனால் தீர்வை இன்னும் தொடங்கவில்லை, அதுதான் சூட்சுமம். நடுவில் வானவில் மேல் அமர்ந்திருக்கிறார் உயிர்த்த கிறிஸ்து. விலாவின் காயத்தைச் சுட்டிக் காட்டுகிறார், பின்னால் சிலுவை, சுற்றிலும் சம்மனசுகள் (தேவதூதர்கள்), ஓரங்களில் அப்போஸ்தலர்கள். கிழக்கே, பீடப் பகுதி தொடங்கும் வளைவுக்கு மேலே, நீதி வழங்கும் சிம்மாசனம் வரையப்பட்டிருக்கிறது. அது காலி. யாரும் உட்காரவில்லை. நேர் எதிரே, மேற்கில், வாசலுக்கும் ஆர்கனுக்கும் மேலே, ஒரு பெரிய கதவு. நித்தியத்தின் வாசல். அது மூடியிருக்கிறது. அதில் 'இனி காலம் இராது' என்று திருவெளிப்பாட்டு நூலின் வரி லத்தீனில் எழுதியிருக்கிறது, காலத்தின் உருவமான கிழவர் குரோனோஸ் அங்கே வீழ்ந்து கிடக்கிறார்.

இதை ஒரே இடத்தில் நின்று முழுதாகப் பார்க்க முடியாது. உள்ளே வரும்போது கிழக்குப் பார்த்து வருகிறோம், கிறிஸ்துவும் காலிச் சிம்மாசனமும் கண்ணில் படுகின்றன. நீதிபதி இருக்கையில் இன்னும் அமரவில்லை, அதற்கு முன் தன் காயத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார், அவகாசம் இருக்கிறது. உள்ளே போய், சுரூபத்தை வணங்கி, பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்துவிட்டுத் திரும்பி நடக்கும்போதுதான் மேற்குப் பக்கக் கதவு நேராகத் தெரிகிறது. அது நிமிர்ந்து தெரிவதே வெளியேறும் திசையில் நடப்பவருக்குத்தான். அவகாசம் இருக்கிறது, ஆனால் எப்போதைக்குமாக இல்லை என்கிற செய்தியோடுதான் ஆளை வெளியே அனுப்புகிறார்கள். வருகிறவருக்கு ஒன்று, போகிறவருக்கு ஒன்று.

இந்த இடத்தில் ரோமில் உள்ள சாந்த் இக்னாசியோ கோவிலை நினைத்துக்கொள்வது நல்லது. அங்கே 1690-களில் அந்திரேயா போட்ஸோ வரைந்த கூரை மிகப் பிரபலம். நிஜச் சுவர்களின் தொடர்ச்சியாகவே தூண்களையும் வளைவுகளையும் வரைந்து, கட்டடம் இன்னும் ஒரு மடங்கு மேலே எழும்பிப் பிறகு வானமாகத் திறப்பது போலச் செய்திருப்பார். பிரமிக்க வைக்கும் கணக்கு. ஆனால் அதைப் பார்க்கத் தரையில் ஒரு பளிங்கு வட்டம் பதித்திருக்கிறார்கள். அதன் மேல் நின்றால்தான் அத்தனையும் சரியாகப் பொருந்தும், நாலு அடி தள்ளிப் போனால் தூண்கள் சாய ஆரம்பித்துவிடும். யோஹான் பாப்டிஸ்ட் சிம்மர்மன் அந்த வழியில் போகவில்லை. அவர் கூரையில் கட்டடம் என்று பார்த்தால் சிம்மாசனமும் கதவும் மட்டுமே, ஒன்று ஒரு முனையில், மற்றது எதிர் முனையில். நடுவில் முழுக்க வானம், அதுவும் ஆழ்ந்த நீலமாக இல்லாமல் விடிகாலை மாதிரி வெளிறிய வானம். வானத்துக்குக் கோணம் கிடையாது, எங்கே நின்று பார்த்தாலும் சாயாது. யாத்ரிகர் நடந்துகொண்டே இருப்பவர், அவரை ஒரு வட்டத்தில் நிறுத்திவைக்க முடியாது என்பது இந்தச் சகோதரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கணிதத்தில் போட்ஸோ பெரியவர். ஆனால் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஓவிய முறை ஃபிரெஸ்கோ. ஈரம் காயாத சுண்ணாம்புச் சாந்தின் மேல் நீரில் கரைத்த சாயத்தைத் தீட்டுவது. சாந்து காயும்போது காற்றிலிருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகிறது, சாயம் அந்தக் கல்லுக்குள் மாட்டிக்கொள்கிறது. அதனால் ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்குத்தான் அன்றைக்குச் சாந்து பூசுவார்கள். உறைபனி விழுந்தால் ஈரச் சாந்து பாழ், ஆகவே மலையடிவாரத்தில் இந்த வேலைக்கு வெயில் மாதங்கள் மட்டும்தான். சுண்ணாம்பின் காரத்தை எல்லாச் சாயமும் தாங்காது; காவி, மஞ்சள் மண், பச்சை மண் போன்ற மண் நிறங்கள் தாங்கும், நீலம் எப்போதும் தகராறு. அதனால் சில நிறங்களைக் காய்ந்த பிறகு பசை சேர்த்து மேலே தீட்டுவது அந்தக் கால வழக்கம், பின்னாளில் முதலில் உதிர்வதும் அந்தப் பகுதிகள்தான். இத்தனையும் சாரத்தின் மேல், கூரைக்கு ஒரு கை தூரத்தில், கீழிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று தெரியாத நிலையில், வளைந்த பரப்பில். யோஹான் பாப்டிஸ்டுக்கு அப்போது எழுபதை ஒட்டிய வயது.

பீடப் பகுதியில் நிறத்தின் கதை மாறுகிறது. நடுக்கூடம் வெள்ளையும் பொன்னும் என்றால் இங்கே சிவப்பும் நீலமும். பீடத்தைத் தாங்கும் தூண்கள் இரத்தச் சிவப்பு, மாடத்துத் தூண்கள் வான நீலம். சிந்தப்பட்ட இரத்தம், அதனால் வரும் அருள் என்று இதை வழக்கமாக விளக்குவார்கள், கூரையில் இருப்பதும் அதற்குப் பொருந்தித்தான் வருகிறது: சம்மனசுகள் இயேசுவின் பாடுகளின் (துன்பங்களின்) கருவிகளைப் பிதாவாகிய கடவுளிடம் ஏந்திக்கொண்டு போகிறார்கள். பளிங்கு மாதிரித் தெரியும் இந்தத் தூண்கள் பளிங்கு இல்லை. ஜிப்சத்தில் சாயமும் பசையும் கலந்து, வெவ்வேறு நிறக் கட்டிகளைப் பிசைந்து, தூணின் மேல் அப்பி, இறுகியதும் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. காசில்லாமல் போலிக்குப் போனார்கள் என்று நினைத்துவிடக் கூடாது, இதற்கு ஆகும் உழைப்பு கொஞ்ச நஞ்சம் இல்லை. இந்த நீலத்தில் தூண் வேண்டுமென்றால் இயற்கைக் கல்லை எங்கே போய்த் தேடுவது? டொமினிக்குஸ் இளவயதில் கற்ற கைத்தொழில் இங்கே வந்து நிற்கிறது. பீடத்து ஓவியம் பல்தசார் அவுகுஸ்ட் அல்பிரெக்ட் வரைந்தது, குழந்தை இயேசுவோடு திருக்குடும்பம். அதற்குக் கீழே, சிவப்புத் தூண்களுக்கு நடுவில், அந்தப் பழைய சுரூபம், சங்கிலியோடு. கோவிலில் வேறெங்கும் கிடைக்காத அடர்ந்த நிறங்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான் குவிந்திருக்கின்றன.

பணம்? திட்டமிட்டதைவிடப் பல மடங்கு ஆனது, மடம் கடனில் மாட்டியது. இந்தச் சகோதரர்களுக்கு இது புதிதல்ல. முன்பு 1728 முதல் 1733 வரை மேல் ஸ்வாபியாவில் ஸ்டைன்ஹவுசன் என்ற சிற்றூருக்கு ஒரு கோவில் கட்டிக் கொடுத்தபோதும் செலவு எகிறியது, வேலை கொடுத்த ஷுஸ்ஸன்ரீட் மடத்தின் தலைவர் பதவியையே இழந்தார். வீஸில் மாயருக்கு அந்தக் கோவிலின் மேல் எவ்வளவு மோகம் என்பதற்கு ஒரு கதை உண்டு: கோவிலை ஒட்டிய தன் அறையின் சன்னல் கண்ணாடியில் மோதிரத்து வைரத்தால் 'இந்த இடத்தில் மகிழ்ச்சி குடியிருக்கிறது, இங்கே இதயம் இளைப்பாறுகிறது' என்று லத்தீனில் கீறி வைத்தாராம். டொமினிக்குஸும் ஊர் திரும்பவில்லை. கோவிலுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டு கடைசிக் காலத்தை அங்கே கழித்து 1766-இல் இறந்தார்.

1803-இல் பவேரிய அரசு மடங்களைக் கலைத்துச் சொத்தை எடுத்துக்கொண்டபோது ஸ்டைன்காடன் மடமும் போனது. வீஸ் கோவிலை இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. வீண் செலவு, மூடநம்பிக்கை என்பது அன்றைய அறிவொளிக்கால அதிகாரிகளின் கணக்கு. அக்கம்பக்கத்து விவசாயிகள் மனுப்போட்டு, வாதாடி, அதைக் காப்பாற்றினார்கள். 1983-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1985 முதல் 1991 வரை உள்ளே சாரம் கட்டி முழுமையாகச் சீரமைத்தார்கள்.

வீஸைப் பார்த்து மனம் நிறையாதவர்கள் ஸ்டைன்ஹவுசனுக்கும் ஒரு எட்டுப் போய் வரலாம். அங்கேயும் நீள்வட்டம்தான், ஆனால் தூண்கள் இரட்டையாக இல்லை, பத்து ஒற்றைத் தூண்கள் பருமனாக நிற்கின்றன. கூரை விளிம்பில் ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று நான்கு கண்டத்து மனிதர்களும் விலங்குகளோடும் பரிவாரத்தோடும் வந்து நிற்கிறார்கள், வேடிக்கையான ஓவியம், ஒவ்வொரு மூலையிலும் ஒரு கதை. அங்கே ஓவியத்துக்கும் சட்டத்துக்கும் இடையிலான கோடு இன்னும் ஓரளவு மிச்சம் இருக்கிறது, தூணுக்குக் கட்டடத்தைத் தாங்கும் கனம் இன்னும் இருக்கிறது. தம்பி எந்தெந்த இடத்தில் எடையைக் குறைத்தார், அண்ணன் எத்தனை ஆட்களையும் மரங்களையும் வானத்திலிருந்து அப்புறப்படுத்தினார் என்பது இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.